வக்காலத்து இல்லாமல் – 9: சாந்தி பத்தில் ஒரு சலான்

சென்ற வாரம் செக் திரும்பிய வழக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டோம். இந்த வாரம் அதைவிடப் பொடி வழக்கு. அபராதமே 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள்தான். ஆனாலும், போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் பென்ஷன் வரைக்கும் வந்துவிட்ட மனிதர்கள் முதன்முதலாகச் சட்டத்தின் கண்ணில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆவது பெரும்பாலும் இந்த வழக்கில்தான். காரை வேகமாக ஓட்டிய வழக்கு.

இதற்குச் சாணக்யபுரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பகுதியைத் தொடாமல் டெல்லித் தமிழருக்கு வாரம் கழியாது. கௌடில்யா மார்கில் தமிழ்நாடு இல்லம். சற்றுத் தெற்கே மோதிபாக்கில் டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி. அதற்கும் அப்பால் ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன். கிருத்திகைக்குக் கோயிலுக்குக் கிளம்புகிறவரும் சரி, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரைத் தமிழ்நாடு இல்லத்தில் இறக்கிவிடுகிறவரும் சரி, சாந்தி பத், சர்தார் படேல் மார்க், ஆப்பிரிக்கா அவென்யூ என்று ஏதாவதொரு தூதரகச் சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். கரோல் பாக் நெரிசலில் ஊர்ந்து வந்த கால், சாந்தி பத்தைக் கண்டதும் தானாக ஆக்சிலரேட்டரில் அழுந்தும். கடை கிடையாது, பஸ் ஸ்டாப் கூட்டம் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது. இருபுறமும் புல்வெளியும் தூதரக மதிலும்தான். முள் 80ஐத் தொட்டதை யார் கவனிக்கிறார்கள்?

கேமரா கவனிக்கும். சில நாள் கழித்துச் செல்பேசியில் ஒரு மெசேஜ் வரும். வண்டி எண், தேதி, இடம், தொகை, கட்டுவதற்கு ஒரு சுட்டி.

முதலில் அந்தச் சுட்டியைத் தொடாதீர்கள். போலிச் சலான் மெசேஜ் இப்போது பெரிய தொழில். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சலான்’ என்று ஒரு ஆப் கோப்பை அனுப்பி, இறக்கிய மறுநிமிடம் வங்கிக் கணக்கை வழித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு எந்தச் சலானையும் ஆப் கோப்பாக அனுப்புவதில்லை. மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்துக்கோ, டெல்லி டிராஃபிக் போலீஸ் தளத்துக்கோ நீங்களே போய், வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரியின் வால் அரசுத் தளத்துக்கு உரியதாக, ஜிஓவி.இன் என்றோ என்ஐசி.இன் என்றோ முடிய வேண்டும். சலான் உண்மை என்றால் அங்கே படத்தோடு கிடக்கும்.

உண்மைதான் என்று தெரிந்ததும் நம்மவர்களுக்கு வரும் முதல் எண்ணம், “ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலைச்சிடலாம்” என்பது. அங்கேதான் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறேன். கட்டினால் தொலைந்துவிடாது.

2019 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஏறிய அபராதத் தொகைகளால். வேகத்துக்கு அதுவரை 400 ரூபாய்தான். திருத்தத்துக்குப் பின் கார் போன்ற இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000. அதே திருத்தத்தில் யாரும் படிக்காத இரண்டு வரிகள் 200ஆவது பிரிவில் நுழைந்தன. கோர்ட்டுக்குப் போகாமல் சமரசத் தொகை கட்டி முடித்துக்கொண்டாலும், அடுத்த முறை மாட்டினால் இது ‘முந்தைய குற்றம்’ என்றே கணக்கில் வரும் என்பது ஒன்று. லைசென்ஸ் மீது எடுக்கப்படும் நடவடிக்கையிலிருந்து அந்தப் பணம் உங்களை விடுவிக்காது என்பது மற்றொன்று. இரண்டாம் முறை வேகத்தில் பிடிபட்டால் லைசென்ஸைப் பறித்துவைக்கச் சட்டம் சொல்கிறது.

லைசென்ஸ் கதைக்கு நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சாலை விபத்துகளில் நொறுங்கி வருபவர்களைப் பார்த்துச் சலித்துப்போன கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவாக 2014ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவையுங்கள் என்று 2015ல் மாநிலங்களுக்கு அந்தக் குழு உத்தரவிட்டது. அலுவலகத்துக்குக் காரில் போகிறவருக்கு 2,000 ரூபாயைவிட இந்த மூன்று மாதம்தான் வலிக்கும்.

அதனால் கட்டுவதற்கு முன் சலானைப் படியுங்கள். வக்கீல் வேண்டாம், கண்ணாடி இருந்தால் போதும்.

சாலையின் வேக வரம்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு உச்சவரம்பாக 70 கிலோமீட்டர் வைத்தது. அதைக் குறைக்க மாநில அரசுக்கோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கோ உரிமை உண்டு. டெல்லி போலீஸ் 2021 ஜூனில் அப்படித்தான் வரம்புகளைத் திருத்தியது. பெரும்பாலான பெரிய சாலைகளில் காருக்கு 60 அல்லது 70, குடியிருப்பு, கடைவீதி, சர்வீஸ் ரோடுகளில் 30. இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். சாலையில் பொருத்தமான இடத்தில் பலகையும் நட வேண்டும். சட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. பலகை இல்லாத வரம்பு, ஓட்டுபவருக்குத் தெரியாத வரம்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்று காட்டிய சம்பவம் டெல்லியிலேயே நடந்தது. தேசிய நெடுஞ்சாலை 24ல் நிஜாமுதீன் பாலத்துக்கும் காஜிப்பூருக்கும் இடையே பொதுப்பணித் துறை வைத்த பலகை 70 என்றது. டிராஃபிக் போலீஸின் கேமராவோ 60ஐத் தாண்டியவர்களையெல்லாம் பிடித்தது. பலகையை நம்பி 65ல் போனவர் வீட்டுக்கும் சலான் போனது. 2019 ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் 10 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சலான்கள். கூச்சல் கிளம்பியதும் அத்தனையையும் திரும்பப் பெறுவதாகப் போலீஸே அறிவிக்க நேர்ந்தது. ஒன்றரை லட்சம் பேர் வரம்பு மீறியதாகச் சொன்ன இயந்திரம் பழுதாகவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்த எண்தான் தப்பு. “கேமரா பொய் சொல்லுமா?” என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். சென்னையிலும் 2023 ஜூனில் பகலில் 40ஐத் தாண்டினால் அபராதம் என்று ரேடாரோடு கிளம்பினார்கள். ஊரே சிரித்தது. நவம்பரில் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று மாற்றினார்கள்.

ஆகவே, சலான் வந்த சாலையில் ஒருமுறை பகலில் போய்ப் பாருங்கள். உங்கள் திசையில், கேமராவுக்கு முன்னால் பலகை இருக்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா, அதில் என்ன எண் என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். சாணக்யபுரியில் படம் எடுக்கும்போது மட்டும் கேமராவைத் தூதரக வாசல் பக்கம் திருப்பாதீர்கள். அங்கிருக்கும் காவலரிடம் விளக்கம் சொல்வது தனி வழக்காகிவிடும்.

அடுத்தது நோட்டீஸ். கேமரா வழக்குகளுக்கென்றே 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. என் கணிப்பில் ஓட்டுநருக்குக் கிடைத்த மிக நல்ல விதி அதுதான். பலருக்கு அது இருப்பதே தெரியாது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. தெளிவான படம், இயந்திரம் அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினீர்கள் என்ற குறிப்பு எல்லாம் சலானோடு இருக்க வேண்டும். கேமராவுக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை பளிச்சென்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் இதே போன்ற நோட்டீஸுக்கு 14 நாள் கெடு. அங்கே கெடு தவறினால் வழக்கு பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். நம் விதியில் தவறினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. அதனால் மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய வாதமாகத்தான் அது நிற்கும். நல்ல வாதம்.

அந்த விதி கேட்கும் இன்னொரு தாள், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி(4). 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 63ஆவது பிரிவு. இந்தப் படம் இன்ன கருவியிலிருந்து வந்தது, கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று பொறுப்பானவர் கையெழுத்திடும் தாள். அது இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. தீர்ப்பளித்த மூவரில் நம் வி.ராமசுப்பிரமணியனும் ஒருவர். அது தேர்தல் வழக்கு. ஆனால் சட்டம் எம்.எல்.ஏ. பதவிக்கு ஒன்று, சலானுக்கு ஒன்று என்று இல்லை.

ரேடார் கருவிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் இன்னொரு கட்டாயமும் வந்திருக்கிறது. சட்டமுறை எடையளவு விதிகளின்படி அவற்றைச் சோதித்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கும் அதே சட்டம்தான். கருவியே இல்லாமல் ஒரு கான்ஸ்டபிள், “பார்த்தேன் சார், பறந்தார்” என்று மட்டும் சொன்னால், ஒரே ஒரு சாட்சியின் அந்த அபிப்பிராயத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது.

சரி, வண்டியை ஓட்டியது யார்? கேமரா நம்பர் பிளேட்டைத்தான் படிக்கும். சலான் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு வரும். ஓட்டியது தம்பியோ, டிரைவரோ என்றால் அவர் பெயர், முகவரியைச் சொல்வது உரிமையாளரின் கடமை. மறைத்தால் அது தனிக் குற்றம். இதில் நம்மவர்கள் அதிகம் சிக்குவது விற்ற வண்டியில். ஊருக்கு மாற்றல் ஆகும்போது டெல்லி காரைத் தெரிந்தவருக்கு விற்றுவிட்டு, ‘பெயர் மாற்றிக்கோப்பா’ என்று நம்பி வந்துவிடுவோம். அவர் மாற்றியிருக்க மாட்டார். மூன்று வருடம் கழித்துத் திருச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாந்தி பத்தில் பறந்ததாகச் சலான் வரும். விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்ற ரசீதும், தெரிவித்த ஆதாரமும் இருந்தால் கோர்ட்டில் காட்டலாம். இல்லாவிட்டால் கஷ்டம்தான்.

பின்சீட்டுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. தன்னிடம் வேலை பார்ப்பவரை வரம்பு மீறி ஓட்டவைத்தவருக்கும் 183ல் அதே தண்டனை. “ஏர்போர்ட்டுக்கு இருபது நிமிஷத்துல போயாகணும்” என்று விரட்டும் அதிகாரி இதைப் படிக்கட்டும். அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் சுவாரசியமானது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத கால அட்டவணையை வெளியிடுவதும், அத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர் என்று உத்தரவிடுவதும், அப்படிச் சொன்னவரே குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சாட்சியம் என்கிறது. 1988ல் பஸ் முதலாளிகளை நினைத்து எழுதியிருப்பார்கள். பத்து நிமிட டெலிவரிக் காலத்தில் இதை யாராவது தூசு தட்டினால் நல்லது.

இதில் சாணக்யபுரிக்குப் பெயர் தந்தவருக்கும் பங்கு உண்டு. அர்த்தசாஸ்திரத்தில், வண்டியோட்டி சிறுவனாக இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் எஜமானைத்தான் தண்டிக்க வேண்டும் என்று இருக்கிறது. 2019 திருத்தத்தின் 199ஏ பிரிவும் அதே வழியில் போகிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படும் அப்பாக்கள் யோசிக்கலாம்.

இனி கோர்ட். கெடுவுக்குள் கட்டாத சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிபதி திரையில் சலானைப் பார்த்து அபராதத்தைக் குறிப்பார். உங்களுக்கு மெசேஜ் வரும். விகோர்ட்ஸ் தளத்தில் செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் இரண்டு வாசல் திறக்கும். அபராதம் கட்டுவது ஒன்று, வழக்கை எதிர்ப்பது மற்றொன்று. சென்னைச் சலான்களுக்கும் இதே தளம்தான். கட்டும் பொத்தானை அழுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒப்புக்கொண்டவர் பிறகு மேல்முறையீடு போனால் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே பேச முடியும். ‘நான் ஓட்டவே இல்லை’ என்று அப்போது சொல்ல முடியாது. எதிர்க்கும் பொத்தானை அழுத்தினால் வழக்கு அந்தப் பகுதிக்குரிய கோர்ட்டுக்கு மாறும். சாணக்யபுரி காவல் நிலையம் புதுடெல்லி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் கோர்ட், பாட்டியாலா ஹவுஸ்.

பாட்டியாலா மகாராஜாவுக்காக லட்யன்ஸ் வடிவமைத்த மாளிகை அது. இந்தியா கேட்டுக்கு அருகில். மெட்ரோவில் போனால் ‘சுப்ரீம் கோர்ட்’ நிலையத்தில் இறங்கலாம். பழைய பெயர் பிரகதி மைதான். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே தாரீக், அதாவது வழக்குத் தேதி, போய்விடும். வாசலை நெருங்கும்போதே ஒரு குரல் கூட வரும். “சலான் ஹை சார்? ஹோ ஜாயேகா.” ஐந்நூறு கேட்பார், ஆயிரம் கேட்பார். அவர் செய்யப்போவது உங்கள் சார்பில் ‘தப்பு’ என்று ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவது மட்டுமே. அதை வீட்டில் உட்கார்ந்தே செய்திருக்கலாம். கோர்ட் தரகர்களை ஒழிக்க 2023ல் வக்கீல்கள் சட்டத்தில் 45ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேகமாகக் கார் ஓட்டுவதற்குக் குறைந்தபட்ச அபராதம் இதைவிட இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வழக்கை நீங்களே நடத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை, கட்டாயமல்ல. இலவசச் சட்ட உதவி வேண்டுமென்றால் அந்த வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கோர்ட் அறைக்குள் நாலு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே உட்கார்ந்து தேதி எழுதும் ரீடர். போலீஸ் தரப்பில் கோப்போடு நிற்கும் கான்ஸ்டபிள். அங்கே அவரை ‘நாயப் கோர்ட்’ என்பார்கள். கோப்புகளைப் பாதுகாக்கும் அஹல்மத். பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய், “வந்திருக்கிறேன், சர்” என்றால் சரி. ‘மை லார்ட்’ எல்லாம் வேண்டாம். பழைய வக்கீல்கள் ‘ஜனாப்’ என்பார்கள். நமக்கு அது ஒட்டாது.

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஹிந்தியில் கேட்பார். நம்மவர்கள் கவிழ்வது இங்கேதான். “இல்லை சர், லேசா ஸ்பீடுதான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவசரமா...” என்று ஆரம்பித்தால் அது ஒப்புதல். மறுக்கிறீர்கள் என்றால், “ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை வேண்டும்” என்பதோடு நிறுத்துங்கள். மேலே ஒரு வார்த்தை வேண்டாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) சொல்கிறது. கொலை வழக்குக்குச் சொன்னது சலானுக்கும் பொருந்தும்.

பிறகு ஒரு வெள்ளைத்தாள் மனு. ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ அரைப் பக்கம் போதும். சலான் எண் எழுதி, வேக வரம்பை நிர்ணயித்த அறிவிக்கை, கருவியின் ஒப்புதல் சான்று, படத்துக்கான சான்றிதழ், நோட்டீஸ் அனுப்பிய தேதி ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பலகைப் படங்களை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் கையொப்பம் வாங்குங்கள். தொனி முக்கியம். மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் கற்பிக்கப் போனது போல் பேசாமல், “இந்தத் தாள்களைப் பார்த்தால் நான் முடிவெடுக்க வசதி” என்று கேட்டால் காது கொடுப்பார்கள். போலீஸ் சாட்சி வந்தால் நீங்களே குறுக்குக் கேள்வி கேட்கலாம். பலகை எங்கே இருந்தது? சான்று எந்தத் தேதி வரை செல்லும்? இந்த இரண்டு கேள்வி போதும். யூடியூப் பார்த்துவிட்டு இருபது கேள்வி கேட்பவர்கள் தோற்கத்தான் வருகிறார்கள்.

சலானில் தேதியையும் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தைச் சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் கோர்ட் கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514. பழைய சலான்களில் இது பலமான ஆயுதம்.

எதிர்த்துத் தோற்றாலும் அபராத வரம்பு அதே 1,000–2,000தான். நஷ்டம் உங்கள் நேரம். ஒரு தாரீக்கோடு முடிவது அபூர்வம். லீவு போட்டு மூன்று முறை வர முடியாதவர்கள் லோக் அதாலத்துக்குக் காத்திருக்கலாம். டெல்லியில் சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை, மாவட்டக் கோர்ட் வளாகங்களில் சமரசத்துக்குரிய நிலுவைச் சலான்களை முடித்துவைப்பார்கள். தொகையும் பெரும்பாலும் குறையும். முன்கூட்டியே டிராஃபிக் போலீஸ் தளத்தில் டோக்கன் எடுத்து, அச்செடுத்துக்கொண்டு போக வேண்டும். டோக்கன்கள் தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரி பறந்துவிடும். அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது.

சாணக்யபுரியில் ஓட்டுகிற எவருக்கும் வரும் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நம்மைத் தாண்டிப் பறக்கும் நீல நம்பர் பிளேட் காருக்கு யார் சலான் போடுவது? 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 31ஆவது விதி தூதர்களை நம் கோர்ட்டுகளுக்கு அப்பாற்பட்டவர்களாக்குகிறது. 41ஆவது விதி உள்ளூர்ச் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பெரிதாக வழியில்லை. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் 1997 முதல் 2002 வரை கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் 1,50,000க்கும் மேல். ஃபிஸ்மன், மிகெல் என்ற இரு பொருளியலாளர்கள் அதை நாடுவாரியாக ஆராய்ந்தார்கள். 2002 இறுதியில், மூன்று சீட்டுக்கு மேல் பாக்கி வைத்தால் தூதர் நம்பர் பிளேட்டைப் பிடுங்குவோம் என்று நகரம் அறிவித்ததும் மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் விழுந்தன. நாமும் யோக்கியம் பேச முடியாது. லண்டனின் நெரிசல் கட்டணப் பாக்கிப் பட்டியலில் அமெரிக்கத் தூதரகம் முதலிடம் என்றால், இந்திய ஹை கமிஷனும் மேல்வரிசையில்தான் இருக்கிறது.

இத்தனையும் சொன்னது, வரம்பு மீறியவர் ஓட்டை தேடித் தப்பிக்க அல்ல. 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் சாவுக்கு மத்திய அரசின் அறிக்கை சொல்லும் காரணம் அதிவேகம். பலகை இருந்தது, பார்த்தீர்கள், மிதித்தீர்கள் என்றால், தரகரைத் தேடாமல் தளத்தில் கட்டிவிட்டு அடுத்த முறை மெதுவாகப் போங்கள். சந்தேகம் இருந்தால் மட்டும் படியேறுங்கள்.

இந்த வாரம் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் செல்பேசி எண் இப்போது நீங்கள் வைத்திருப்பதுதானா என்று பரிவாஹன் தளத்தில் பாருங்கள். சலான், சம்மன், ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் என்றால் இன்றே மாற்றுங்கள். விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் நிற்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)